வானம் மாற்றித் தரப்படும்

எனக்குப் பெயர்ப்பலகை இல்லை.
ஒரு கமரா, இரண்டு லென்ஸ்
(பெரியது காத்தான்குடி அஸ்மீரிடம் தவணைக்கு வாங்கியது,
இன்னும் நாலு மாதம் பாக்கி),
கதவுக்குப் பின்னால் சுருட்டி வைத்த வெள்ளைத் துணி,
மகன் சாப்பிட்டு எழும்பியதும்
கந்தோராக மாறும் மேசை.

பகலில் ஊர் வேலை.
களுவாஞ்சிக்குடிக் கலியாணம் ஒன்றுக்கு
எண்ணூறு எடுத்து நூற்றிருபது தெரிந்து கொடுத்தேன்.
"தங்கச்சி, குறூப் படத்தில நிக்கிற சித்தப்பாவை
எடுத்துவிட ஏலுமா?"
ஏன் என்று கேட்கவில்லை.
கேட்டால் விலை குறைக்கச் சொல்வார்கள்.
அவர் நின்ற இடத்துக்கு வாழைமரத்தை இழுத்து நிரப்பினேன்.
கைதான் கஷ்டம்.
மாப்பிள்ளையின் பட்டுச் சட்டைத் தோளில்
ஐந்து விரல் அமர்ந்த சுருக்கம்
எத்தனை தரம் தடவியும் போகவில்லை.
ஆறு மாதம் கழித்து அதே குரல்:
"அவரைத் திரும்பப் போட ஏலுமா?"
ஏலும்.
நான் யாரையும் அழிப்பதில்லை,
அடுக்கை மூடி வைக்கிறேன், அவ்வளவுதான்.
இரண்டு தரமும் ஆயிரத்து ஐந்நூறு வாங்கினேன்.

இரவில் வெளிநாட்டு வேலை.
எங்கோ குளிர்தேசத்தில் வீடு விற்கும் கம்பனி
பின்னேரம் ஐம்பது படம் அனுப்பும்,
விடியமுதல் திரும்பிப் போக வேண்டும்.
சரிந்த சுவரை நிமிர்த்து.
குப்பைத் தொட்டியை எடு.
புல்லுக்குப் பச்சை, வானத்துக்கு நீலம்.

நீலம் விலைக்குக் கிடைக்கும். எனக்குக் கட்டாது.
அதனால் ஆடி மாதம்
கச்சான் மேகங்களை அடித்துக் கலைத்த பகல்களில்
கல்லடிப் பழைய பாலத்தில் நின்று
வாவியையும் தோணியையும் வெளியே விட்டுவிட்டு
மேலே மட்டும் எடுத்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு வானம்.
சைக்கிளில் போனவர்கள் ஒரு தரம் அண்ணாந்து பார்த்து,
ஒன்றும் இல்லாததால்
என்னைப் பார்த்தார்கள்.

அந்த ஊர் வெயில் சாய்ந்து விழும்,
எங்கட வெயில் உச்சியில் குத்தும்.
மேகத்தின் வெள்ளையைக் கொஞ்சம் தணித்தால்
ஒருவருக்கும் தெரியாது.

போன செவ்வாய் ஒரு செய்தி:
"பதினேழாவது படம். வானத்தில் வலது பக்கம் ஒரு புள்ளி. அகற்றவும்."
பெருப்பித்துப் பார்த்தேன்.
வால் வைத்த பட்டம்.
நாவலடிப் பக்கமிருந்து யாரோ ஏற்றியது,
நூல் தெரியவில்லை.
பழைய கோப்புகளைத் திறந்தேன்:
நாற்பத்தோராம் வானம்,
இதுவரைக்கும் அறுபத்து மூன்று வீடு.
அறுபத்து மூன்று கூரைக்கு மேலும்
அதே பட்டம், அதே மூலையில்.
எத்தனையோ விற்றிருக்கும்.
சாவி கைமாறி, திரைச்சீலை மாறி,
பிள்ளைகூடப் பிறந்திருக்கும்.
வருந்துகிறேன் என்று எழுதினேன்.
இரண்டு டொலர் வெட்டினார்கள்.

மாரி பிடித்த மூன்றாம் நாள்
வீட்டுக்காரர் பூபாலரெத்தினம் குடையோடு வந்தார்.
வாடகைக்கு என்று நினைத்தேன்.
"வீட்டைக் குடுக்கப் போறன் பிள்ள.
வடிவா நாலு படம் எடுத்துத் தாங்க, விளம்பரத்துக்கு."

எடுத்தேன்.
கொடியில் கிடந்த மகனின் காற்சட்டையை அகற்றினேன்.
கூரை ஒழுக்குக்கு வைத்த வாளியை அகற்றினேன்.
சுவரில் அவன் உயரம் பார்த்துக் கீறிய பென்சில் கோடுகளை
ஒவ்வொன்றாகத் தடவி எடுத்தேன்.
தோளில் நின்ற பின்னால் பார்த்துக்கொண்டிருந்தவர்
"வானம் ஒரே கறுப்பாக் கிடக்கே" என்றார்.

நாற்பத்தொன்றைப் போட்டேன்.
புள்ளியை விட்டுவிட்டேன்.
அவர் காணவில்லை.

காசு எவ்வளவு என்று கேட்டார்.
வாடகையில் கழியுங்கள் என்றேன்.